பள்ளிக்கூட பஸ்ஸை வீடாக்கும்போது பழைய தளத்தை என்ன செய்வது?

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பா பல வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய பஸ் இப்போது வளவில் சும்மா நிற்கிறது. அதை இரண்டு அறையும் ஒரு சின்னக் குசினியுமாக மாற்றப் போகிறார்கள். தளத்தில் மேலே கறுப்பு றப்பர், அதற்குக் கீழே பிளைவூட். வாசற்படிப் பக்கம் மிதித்தால் பொதுக்கென்று உள்ளே போகிறது. பழைய தளத்துக்கு மேலேயே புதுப் பிளைவூட் அடித்துவிடலாமா என்பது முதல் கேள்வி. கனடாவில் இருக்கும் மச்சாள் அனுப்பிய வீடியோக்களில் எல்லோரும் தளத்துக்குக் கீழே ஒரு அங்குல ரெஜிபோம் (சூடும் குளிரும் கடத்தாத நுரைப் பலகை) போடுகிறார்கள், நாங்களும் போட வேண்டுமா என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். பழையதை முழுக்கக் கிளப்பி, கீழே இருக்கிற இரும்பைக் கண்ணால் பார்க்காமல் மேலே ஒன்றும் போடாதீர்கள். ரெஜிபோம் குளிர் நாட்டுக்காரரின் தேவை. வன்னியில் பஸ் தளத்துக்கு எதிரி குளிர் இல்லை, தண்ணீரும் கறையானும்தான். இந்த இரண்டையும் மனதில் வைத்தால், எதைப் போடுவது எதை விடுவது என்ற முடிவுகள் தாமாகவே வந்துவிடும்.

மிதிக்கும்போது பொதுக்கென்று போகிறது என்றால் பிளைவூட்டின் அடுக்குகள் ஏற்கெனவே பிரிந்துவிட்டன. மேலே றப்பர் மூடியிருப்பதால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. ஊறின பலகை இரும்போடு ஒட்டிக்கொண்டு, வெயில் காலத்தில்கூட ஈரத்தை விடாமல் வைத்திருக்கும். அதற்கு மேல் இன்னொரு பலகையை அடித்தால் கறளுக்கு ஒரு போர்வை போர்த்தியதுபோல்தான். இரண்டு மாரி தாங்கும், மூன்றாவதில் புதுப் பலகையும் சேர்ந்து இறங்கும்.

தளத்தில் கை வைக்க முன்னர் ஒரு வேலை இருக்கிறது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பஸ் தளம் உக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் மேலேதான் இருக்கும். ஜன்னல் றப்பர் காய்ந்து வெடித்திருக்கும், கூரையின் காற்று மூடியில் இடைவெளி இருக்கும், பின்கதவின் ஓரம் சரியாக மூடாது. மழைத் தண்ணீர் சுவரின் உள்பக்கமாக வழிந்து தளத்தின் ஓரத்தில் தேங்கும். அதனால்தான் நடுவில் நன்றாக இருக்கிற தளம் ஓரங்களில் இற்றுப் போயிருக்கும். உள்ளே ஒருவர் இருந்து பார்க்க, வெளியே ஒருவர் ஹோஸ் பைப்பால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கூரைக்கும் நிதானமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். கசிகிற இடத்தைச் சோக்கால் குறித்து, அதை அடைத்த பிறகுதான் தளத்துக்கு வரவேண்டும். ஒழுகுகிற கூரைக்குக் கீழே போடுகிற காசு எல்லாம் வீண்.

சரி, இப்போது கிளப்புவது. உங்கள் பஸ் எந்த வகை என்பதில் நிறையத் தங்கியிருக்கிறது. மச்சாளின் வீடியோக்களில் வருகிற அமெரிக்க, கனடா மஞ்சள் பஸ்களில் றப்பருக்குக் கீழே பிளைவூட், அதற்கும் கீழே முழு நீளத்துக்கும் இரும்புத் தகட்டுத் தளம் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த ரோசா, கோஸ்டர் போன்றவற்றிலும் தகட்டுத் தளம்தான். ஆனால் இங்கே பொடி கட்டிய பெரிய பஸ்கள் பலவற்றில் அப்படி இல்லை. சேசிக்கு மேலே குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் நேராகப் பலகை அல்லது பிளைவூட், நடக்கிற பாதையில் அலுமினியச் செக்கர் பிளேட். பலகையைக் கழற்றினால் கீழே நிலம் தெரியும். வீடியோவைப் பார்த்துவிட்டு இல்லாத தகட்டைத் தேட வேண்டாம்.

முதலில் சீற்றுகளைக் கழற்றுங்கள். சீற்றுக் கால்களின் போல்ட்டுகள் தளத்தை ஊடுருவிக் கீழே நட்டோடு முடியும். கறள் பிடித்த நட்டை ஒருவர் கீழே படுத்துப் பிடிக்க, மேலே இன்னொருவர் திருக வேண்டும். முதல் நாள் இரவே கறள் இளக்குகிற எண்ணெய் விட்டு வைத்தால் பாதி கழன்று வரும். வராததைக் கிரைண்டரால் தலையோடு வெட்டுங்கள். ஆனால் வெட்ட முன்னர் கீழே எட்டிப் பாருங்கள். டீசல் தாங்கி, பிரேக் காற்றுக் குழாய்கள், வயர்க் கட்டு எல்லாம் தளத்துக்கு ஒட்டித்தான் போகும். பற்றரி வயரைக் கழற்றி வையுங்கள். தீப்பொறி விழுகிற இடத்தில் பழைய ஒயிலும் றப்பரும் கிடந்தால் பற்றிக்கொள்ளும். ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

றப்பரைக் கத்தியால் இரண்டு அடி அகலப் பட்டிகளாக வெட்டி உருட்டி எடுங்கள். பிளைவூட்டை அலவாங்கால் கிளப்பும்போது உக்கின இடத்திலிருந்து தொடங்குங்கள், அங்கேதான் பிடி இருக்காது. தகட்டுத் தளம் என்றால் அலவாங்கின் நுனி தகட்டைக் குத்தாமல் கீழே ஒரு மரத்துண்டு வைத்து நெம்ப வேண்டும். ஆணிகளும் திருகாணிகளும் எழும்பி நிற்கும், செருப்போடு இந்த வேலைக்குப் போகாதீர்கள். பழைய பெயின்ற்றைக் கிரைண்டரால் உரசும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தக் காலத்து மஞ்சள், சிவப்புப் பெயின்ற்றுகளில் ஈயம் கலந்திருக்கலாம். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம், தூசியைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

போர்க்காலத்தில் வெளியில் கிடந்த வண்டி என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தளத்திலும் பக்கத் தகட்டிலும் சிறு சிறு துளைகள் இருந்தால் அவை எல்லாம் கறள் தின்றவையாக இராது, செல் துண்டுகள் போன வழிகளாகவும் இருக்கலாம். அவற்றையும் மற்றத் துளைகளைப் போலவே அடைக்கலாம். ஆனால் வண்டியை நிறுத்த நிலம் தோண்டுகிறீர்கள் என்றால், அந்த வளவு கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலம்தானா என்று கிராம சேவையாளரிடம் உறுதி செய்த பிறகே மண்வெட்டியை எடுங்கள்.

இரும்பு வெளியே வந்ததும்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. கண் பார்வையை மட்டும் நம்பாதீர்கள். சுத்தியலின் சின்ன நுனியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்டால் இரும்பு நல்லது. தொப்பென்று கேட்டாலோ செதில் உதிர்ந்தாலோ அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். வாசற்படி தளத்தோடு சேர்கிற மூலை, சில்லுக்கு மேலே எழும்பி நிற்கிற பெட்டியின் அடி, பின்கதவு ஓரம், இந்த மூன்று இடமும்தான் முதலில் போகும். குறுக்குச் சட்டங்களைக் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். சட்டமே இற்றுவிட்டதென்றால் அது தளவேலை இல்லை. அதைக் கைதேர்ந்த வெல்டிங்காரரிடம் கொடுத்து மாற்றாமல் மேலே பலகை போடுவது குடும்பத்தை ஆபத்தில் வைப்பது.

மேலோட்டமான கறளுக்குக் கிரைண்டரில் கம்பித் தூரிகை மாட்டி உரசி, பொஸ்பரிக் அமிலம் கலந்த கறள் நீக்கி பூசி, காய்ந்த பிறகு பிறைமர் இரண்டு பூச்சு. துளை விழுந்த இடத்தில் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட வேண்டும். இற்ற ஓரத்தில் வெல்டிங் பிடிக்காது, பிடித்தாலும் ஓரத்தைச் சுற்றி மறுபடி கறள் ஏறும். அதே தடிப்புத் தகட்டில், ஒன்றரை மில்லிமீற்றர் என்றால் 16 கேஜ், சுற்றிலும் ஒரு அங்குலம் மேவி வருகிறமாதிரி ஒட்டு வெட்டிப் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைக்கலாம். ஒரே இழுவையாக இழுத்தால் தகடு நெளிந்துவிடும். நாகம் (சிங்க்) பூசின தகட்டை வெல்டிங் செய்வதென்றால் ஓரத்து நாகப் பூச்சை உரசிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யச் சொல்லுங்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

சீற்றுப் போல்ட்டுத் துளைகள் எத்தனையோ இருக்கும். எல்லாவற்றையும் அடைக்க அவசரப்படாதீர்கள். கட்டில், அலுமாரி, குசினி மேசை எங்கே வரப்போகிறது என்று சோக்கால் தளத்தில் கீறிப் பாருங்கள். அவற்றைப் பூட்டுவதற்குப் பழைய துளைகளையே பாவித்தால் இரும்பில் புதுத் துளை போடத் தேவையில்லை. மிச்சத்தை மேலும் கீழும் சுத்தம் செய்து, சின்னத் தகட்டுத் துண்டும் பஸ் கண்ணாடி ஒட்டுகிற பொலியூரத்தேன் பசையும் வைத்து மூடுங்கள். சாதாரண சிலிக்கோன் இந்த இடத்துக்கு உதவாது. அதன் மேல் பெயின்ற் பிடிக்காது, ஆட்டத்தில் விட்டும்விடும்.

பெயின்ற் வேலைக்கு மாசி, பங்குனி நல்ல காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை இரும்பு ஈரம் உலராது. வைகாசிக்குப் பிறகு சோளகம் கிளப்புகிற செம்புழுதி ஈரப் பெயின்ற்றில் அப்பும். எந்த மாதமானாலும் நடுமத்தியானத்தில் பூசாதீர்கள். கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிற இரும்பில் பெயின்ற் கொப்புளம் போடும். காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, வெயில் ஏறமுன் முடித்துவிடுங்கள். முல்லைத்தீவு கடற்கரைப் பக்கம் நிறுத்துகிறவர்கள் அடிப்பக்கத்துக்கும் தார்ப் பூச்சு கொடுக்க வேண்டும். உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து போகும். செக்கர் பிளேட்டைத் திருப்பிப் போடுவதென்றால் இடையில் றப்பர்ப் பட்டியோ பெயின்ற்றோ இருக்கட்டும்.

இப்போது மச்சாளின் ரெஜிபோம். அங்கே வெளியே பனி, உள்ளே சூடு. உள்ளே இருக்கிற ஈரக் காற்று குளிர்ந்த இரும்புத் தளத்தில் பட்டு நீராகும், கால் விறைக்கும். அதைத் தடுக்கத்தான் அந்தப் படை. அவர்கள் செய்வது அவர்களுக்குச் சரி. ஆனால் கிளிநொச்சியிலோ விசுவமடுவிலோ நிறுத்தி வைத்த பஸ்ஸில் நிழலாக இருக்கிற ஒரே பக்கம் அடிப்பக்கம்தான். வெக்கை கூரையால் இறங்குகிறது. ரெஜிபோமுக்கு வைத்த காசைக் கூரைக்குக் கொடுங்கள். மேலே ஒரு கிடுகுக் கூரையோ தகரப் பந்தலோ ஒரு அடி இடைவெளி விட்டுப் போட்டால் உள்ளே வித்தியாசம் உடனே தெரியும். தளத்துக்குள் ரெஜிபோம் வைத்தால் எறும்பு அதைக் குடைந்து கூடு கட்டும், கறையான் மறைந்து வர வழி கிடைக்கும், தலைக்கு மேலே இருக்கிற உயரத்திலும் ஒரு அங்குலம் போய்விடும். உயரமான அண்ணன் தம்பி இருக்கிற வீட்டில் அந்த ஒரு அங்குலம் பெரிய விஷயம்.

சரி, எதைப் போடுவது? நான் மரைன் பிளைவூட், அதாவது தண்ணீர் தாங்குகிற பசையால் ஒட்டின பிளைவூட்தான் சொல்வேன். குறுக்குச் சட்டங்களின் மேல் நேராகப் போடுவதென்றால் 18 மி.மீ., தகட்டுத் தளத்தின் மேல் என்றால் 12 மி.மீ. போதும். சட்டங்களுக்கிடையே ஒன்றேகால் அடிக்கு மேல் இடைவெளி இருந்தால் நடுவில் இன்னொரு சட்டம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தளம் துள்ளும். கடையில் மரைன் என்று சொல்லிச் சாதாரணப் பலகையைத் தருவதும் உண்டு. இந்தியப் பலகை என்றால் ஓரத்தில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஐ.எஸ். 303 என்றால் அது வீட்டுத் தளபாடத்துக்கான சாதாரண வகை. சந்தேகமானால் ஒரு துண்டு வாங்கி வந்து பானையில் மூன்று நான்கு மணித்தியாலம் கொதிக்க விடுங்கள். மரைன் பலகை அப்படியே கிடக்கும், மட்டமான பலகை புத்தகம்போல் விரியும்.

பிளைவூட் அதிகம் தண்ணீர் குடிப்பது மேற்பரப்பால் இல்லை, வெட்டின ஓரத்தால். அளவுக்கு வெட்டி, துளைகளும் போட்டு, ஆறு பக்கமும் இரண்டு பூச்சு எப்பொக்சியோ நல்ல எனாமலோ கொடுத்துக் காய்ந்த பிறகுதான் பஸ்ஸுக்குள் ஏற்ற வேண்டும். கீழ்ப்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று தச்சர் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆணி அடிக்க விடவும் வேண்டாம். வண்டி ஓடினால் ஆணி கழன்று எழும்பும், ஓடாவிட்டாலும் வெக்கைக்கு விரிந்து சுருங்குகிறபோது எழும்பும். பெரிய வாஷர் வைத்த போல்ட் அல்லது தலை பதிகிற திருகாணி. சுவர் ஓரத்தில் ஐந்து மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் பொலியூரத்தேன் பசையால் நிரப்புங்கள்.

முதிரைப் பலகை போடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அழகுக்கும் ஆயுளுக்கும் அதை அடிக்க எதுவும் இல்லை, முதிரை வைரத்தைக் கறையான் லேசில் தொடாது. இடிந்த பழைய வீட்டின் நிலை, கதவு, தீராந்தி உங்களிடம் கிடக்கிறதென்றால் தாராளமாக அரிந்து பாவியுங்கள். புதிதாக வாங்குவதென்றால் அனுமதிப் பத்திரம் உள்ள மரமாகப் பார்த்து வாங்குங்கள். காட்டில் களவாக வெட்டின முதிரை வன்னி முழுக்கப் போகிறது. எங்கள் காட்டை நாங்களே அரிந்து காலுக்குக் கீழே போட வேண்டாம்.

உறவினர்களில் யாராவது ஒரு மேசனைக் கூட்டிவந்து இரண்டு அங்குலச் சீமெந்து போட்டு மினுக்கிவிடு, ஆயுளுக்கும் கவலையில்லை என்பார்கள். கேட்காதீர்கள். ஒரு சதுர மீற்றருக்கு 120 கிலோ. 15 சதுர மீற்றர் தளத்துக்கு 1,800 கிலோ. அந்தப் பஸ் பிள்ளைகளை நிறைய ஏற்றிய காலத்தில் சுமந்த பாரத்தில் பெரும் பகுதியை இரவும் பகலும் இறக்காமல் சுமக்க வேண்டும். சேசி அசையும், சீமெந்து வெடிக்கும், வெடிப்பால் இறங்கிய தண்ணீர் இரும்புக்கும் சீமெந்துக்கும் இடையில் நிற்கும். ரைல்ஸும் இதே கதைதான், பாரம் மட்டும் குறைவு.

மேற்படைக்கு நல்லது ஒரே துண்டாக வருகிற வினைல் விரிப்பு. குசினிப் பக்கத்தில் கட்டாயம் மூட்டில்லாத ஒரே துண்டு. ஓரத்தை இரண்டு அங்குலம் சுவரில் ஏற்றி ஒட்டுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆட்கள் வீடு கூட்டித் துடைப்பதோடு நிற்பதில்லை, வெள்ளிக்கிழமை என்றால் வாளியோடு தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். அம்மா அந்தப் பழக்கத்தை விடமாட்டார், விடச் சொல்லவும் வேண்டாம். தளத்தை அதற்கு ஏற்றமாதிரிச் செய்யலாம். வாசற்படிப் பக்கம் மிகச் சிறிய சரிவு கொடுத்து, தண்ணீர் படியால் வெளியே போகவிடுங்கள். படியடியில் கால் கழுவ ஒரு இடமும் வேண்டும். செம்மண்ணும் மணலும் காலோடு ஏறினால் வினைல் தேய்ந்துவிடும்.

வினைல் ஒட்டமுன் தண்ணீர்க் குழாய், குசினிக் கழிவு நீர், வயர் எல்லாம் எங்கே தளத்தைத் துளைத்து இறங்கும் என்று முடிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு துளையிலும் தளமட்டத்துக்கு மேலே அரை அங்குலம் எழும்பி நிற்கிறமாதிரி ஒரு குழாய்த் துண்டைச் செருகி, சுற்றிப் பசை வையுங்கள். எஞ்சினுக்கும் டீசல் தாங்கி மானிக்கும் தளத்தில் மூடிகள் இருந்தால் அவற்றை மூடிக் கட்டாதீர்கள். வண்டியை என்றாவது ஓட்டும் எண்ணம் இருந்தால் உள்ளமைப்பை மாற்றுவது பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

கடைசியாகக் கறையான். எவ்வளவு நல்ல பலகை போட்டாலும் சில்லு மண்ணில் புதைந்து நின்றால் அது டயர் வழியாக ஏறிவரும். பஸ்ஸைத் தூக்கி, அச்சுகளுக்குக் கீழே கொங்கிறீற் கட்டைகள் வைத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு கட்டையின் தலையிலும் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக் கீழ்நோக்கி மடித்த தகரத் தொப்பி போடுங்கள். கறையான் வந்தாலும் அந்த மடிப்பைச் சுற்றி வெளியே மண்பாதை கட்டித்தான் ஏற வேண்டும், அப்போது கண்ணில் படும். மாதம் ஒருமுறை ரோச் லைற் அடித்துக் கீழே பார்க்கிற பழக்கம் இருந்தால் போதும். பழைய எஞ்சின் ஒயிலை நிலத்தில் ஊற்றுகிற வேலை வேண்டாம், வளவுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நீங்கள் குடிக்கிறீர்கள். கட்டையின் உயரத்தைத் தீர்மானிக்கும்போது 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது உங்கள் வளவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அயலவர்களைக் கேளுங்கள். தறப்பாள் கொட்டிலுக்குள் மாரி வெள்ளம் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த சனம் நாங்கள், அந்த அளவு யாருக்கும் மறந்திருக்காது. பஸ்ஸின் அடிச் சட்டம் அதற்கு மேலே நிற்க வேண்டும். பஸ்ஸுக்கு அடியில் விறகு, தேங்காய் மட்டை எதையும் அடுக்காமல் காற்றோட விடுங்கள்.

இந்த வாரம் வாசற்படிப் பக்கத்தில் மட்டும் இரண்டு அடி றப்பரை வெட்டிக் கிளப்பிப் பாருங்கள். கீழே தகடா, சட்டமா, சட்டமானால் இடைவெளி எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள் தங்கச்சி. பஸ்ஸின் உள் நீள அகலமும் தந்தால் எட்டுக்கு நாலு பலகை எத்தனை வேண்டும், எப்படி வெட்டினால் கழிவு குறையும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.